கல்லுக்குள் போன கை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் இருப்பவளும் முன்னால் வரட்டும். சமுத்திரத்தையே அள்ளி வீட்டுக்குள் வைத்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதை சொல்லப் போகிறேன். கேட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். பிரிக்பீல்ட்ஸில் நாலாம் மாடி வீடு. சபாபதிக்குச் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை. அவனுக்கு ஒரே பைத்தியம், உப்புநீர் மீன்தொட்டி. நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் கடல்பாறைகளை அடுக்கி, ஆறு வருஷமாகப் பவளம் வளர்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி தனலெட்சுமிக்கு அது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. அதனால் படி இறங்காதே, பளு தூக்காதே என்று அவளை வீட்டுக்குள் கட்டிப் போட்டுவிட்டார்கள். ஏழு மாதமாக அவளுக்குப் பேச்சுத்துணை அந்த மீன்கள்தான்.

அந்தத் துணையும் குறைய ஆரம்பித்தது. ஒரு நாள் நீல மீனைக் காணோம். நாலு நாள் கழித்து மஞ்சளைக் காணோம். செத்து மிதந்தாலாவது தெரியும், முள்கூட மிஞ்சவில்லை. கடைசியில் ஒரு விடியற்காலை விளக்கைப் போட்டவள், பாறைப் பொந்துக்குள் சரக்கென்று தன்னை உள்ளிழுத்துக்கொண்ட ஒன்றைக் கண்டாள். கட்டைவிரல் தடிமன், செம்பு நிறம், உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக முள். புழு!

"கல்லோட குட்டியா வந்திருக்கும் பாஸ், உங்க வீட்டுல தின்னு பெருசாயிடுச்சு" என்று தொட்டிக்கு மீனும் கல்லும் விற்ற சீனர் சிரித்தாராம். கல்லை எடுத்துக் கொதிதண்ணீரில் போடச் சொன்னார். சபாபதி மாட்டேன் என்றுவிட்டான். பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் புருஷன் ஓர் உயிரைக் கொல்லலாமா? அப்படியானால் உயிரோடு பிடி என்று அவரே வழியும் சொன்னார். நைலான் காலுறையில் இறால் துண்டை முடிந்து பொந்து வாசலில் வைக்க வேண்டும். இருட்டில்தான் புழு வெளியே வரும். முள் நைலானில் சிக்கியதும் மெல்ல இழுக்க வேண்டும்.

சபாபதி இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டான். அதற்குள் வளைகாப்பும் முடிந்துவிட்டது. மறுநாள் மாலை தனம் பிரசவத்துக்குக் கிள்ளானுக்கு, அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். தொட்டியில் மிச்சம் ஆரஞ்சு மீன் இரண்டுதான். அவள் திரும்பி வரும்போது அவை இருக்குமா?

காலையில் அவன் வேலைக்குப் போனதும் திரைச்சீலைகளை இழுத்துவிட்டாள். தொட்டியைப் போர்வையால் மூடினாள். புழுவைப் போட மூடியோடு ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பலகைமேல் ஏறி நின்று காலுறையை இறக்கினாள். நழுவாதிருக்க நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

பத்தே நிமிஷம். புழு பிடித்துக்கொண்டது. அவள் இழுத்தாள், அது அவளைவிட வேகமாக இழுத்தது. காலுறையோடு அவள் கையும் மணிக்கட்டைத் தாண்டிப் பொந்துக்குள் போய்விட்டது. போகும்போது ஒதுங்கி வழிவிட்ட கண்ணாடி வளையல்கள், திரும்பும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குறுக்கே நின்றுகொண்டன. வேகமாக இழுத்தால் பாறை அடுக்கே முன்கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. கண்ணாடி உடைந்தால் அத்தனை தண்ணீரும் கல்லும் வயிற்றின்மேல்தான்.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு இராஜம்மா வாசல் கிரில் கதவுக்கு ஓடி வந்தாள்.

"என்னாடி தனம், வலி எடுத்துடுச்சா?"

"இல்லக்கா, கை மாட்டிக்கிச்சு!"

"எதுல?"

"மீன்தொட்டிக் கல்லுலக்கா. உள்ள புழு இருக்கு!"

"அடுப்புல குழம்ப வச்சிட்டு ஓடி வரேன், நீ புழுவோட வெளையாடுற! கதவத் திற லா!"

"எப்படிக்கா திறப்பேன்? சாவி உள்ள ஆணியில தொங்குது."

இராஜம்மா குடையைக் கம்பிக்குள் விட்டுத் துழாவினாள். சாவி விழுந்தது, சோபாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

"போச்சு லா! சரி, சவர்க்காரத்தப் போட்டு வழுக்கி எடு."

"சவர்க்காரம் பட்டா தொட்டியில எல்லாமே செத்துரும்க்கா!"

"அப்ப வளையல ஒடைடி!"

"வளைகாப்பு வளையல்க்கா. நேத்துத்தான் போட்டது. ஏற்கெனவே ரெண்டு..."

உள்ளே விரலில் நெருப்புப் பட்டதுபோல ஒரு சுருக்கு. பிறகு இன்னொன்று. முள்ளுடம்பு மெதுவாக அவள் மணிக்கட்டின்மேல் ஏறியது. குனிந்தே நின்றதில் இடுப்பு விண்டுபோயிற்று. பலகை ஒருபக்கமாக ஆடியது. வயிற்றுக்குள் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது.

இராஜம்மா வாய் ஓயாதவள். அவளே கிரில்லில் முகத்தை வைத்துத் தணிந்த குரலில் கேட்டாள்.

"தனம், அந்த வளையல எதுக்குப் போட்டாங்க? உன்னையும் உள்ள இருக்கிறதையும் காக்கத்தானே? இப்ப அதுக்கு வேலை வந்திருக்கு. செய்ய விடுடி, தாயே."

தனம் கண்ணை மூடிக்கொண்டு கையைப் பக்கவாட்டில் கல்லில் மோதினாள். ஒரு தரம், இரண்டு தரம். தண்ணீருக்குள் கலகலவென்று நொறுங்கியது. கை வெளியே வந்தது. அதோடு காலுறை, அதோடு புழு! வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. அவள் உயரத்துக்கு ஒரு சாண்தான் குறைவு. அப்படியே வாளிக்குள் தள்ளி மூடியைப் போட்டு, அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவாச்சும் கதவத் திறயேன்!"

"எந்திரிச்சா அது வெளிய வந்துருமே அக்கா!"

அரைநாள் விடுப்பில் பன்னிரண்டரைக்குச் சபாபதி தன் சாவியோடு வரும்வரை ஒருத்தி வாளிமேல், ஒருத்தி கிரில்லுக்கு வெளியே. குழம்பு தீய்ந்த நாற்றம் மாடி முழுக்க. "கைக்கு வந்தது வளையலோட போச்சு, விடு" என்று நூறு தரமாவது சொல்லியிருப்பாள் இராஜம்மா. தனம் தலையை ஆட்டினாளே தவிர, நம்பவில்லை. மாலையில் கிள்ளானுக்குப் போகும்போது சபாபதி புழுவையும் கொண்டுபோய்க் கடலில் விட்டான். கிள்ளானில் அம்மா அவள் வலக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மஞ்சள் அரைத்துப் போட்டாள். அதற்கப்புறம் தனம் ஒவ்வொரு இரவும் பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்துத்தான் படுத்தாள். இரண்டு மாதம் அப்படியே கழிந்தது.

பெண் குழந்தை. தாதி தலைகீழாகப் பிடிக்குமுன்பே அழுதுவிட்டதாம், ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி.

உங்கள் வீட்டிலும் தொட்டில் கயிறு தேயத் தேய ஆடட்டும், என் கண்ணுகளா. அடுப்பில் வைத்தது பக்குவமாக இறங்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் சாப்பாட்டு வேளைக்கு வீடு வந்து சேரட்டும்.