பலகையின் வாலில் ஒரு கை

1

இந்தக் கதை என் வாய்க்குள் தொடங்கியது. அணி, அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. மல்லாந்து கிடந்தேன். வாயில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், டாக்டரம்மாவின் இரண்டு விரல்கள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று என் மனைவி என்னைச் சொல்வதுண்டு. அன்று அது நிரூபணமானது.

"சார், நேத்து நானே ஒரு அலையப் பிடிச்சிட்டேன்!" என்றார் டாக்டரம்மா. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் இரண்டும் குதித்தன. "யாரும் தள்ளல. என் கையாலயே பேடில் பண்ணி, நானே!"

"ஆ," என்றேன். குறுக்கே பேசாமல் நான் ஒரு கதையை முழுதாகக் கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

நீலக் கடல் அவளை வா வா என்று... (கடல் யாரையும் கூப்பிடுவதில்லை. அடித்தேன்.)

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் அலைச்சறுக்குப் பழகத் துணிந்தபோது ஊரே... (ஊருக்கு வேறு வேலை இல்லையா? இதையும் அடித்தேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா ஞாயிறுதோறும் நாத்தனாரோடு கடலுக்குப் போகிறார். நாத்தனார் பள்ளியில் கணக்கு டீச்சர். அலைச்சறுக்கில் பழம் தின்று கொட்டை போட்டவர். பலகையில் குப்புறப் படுத்து, கைகளால் மாறி மாறித் தண்ணீரைப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பெயர்தான் பேடில். அலை வந்து சேரும் நேரத்தில் நமக்கும் ஓரளவு வேகம் இருந்தால் அது நம்மைச் சுமந்துகொண்டு போகும். இல்லாவிட்டால் கழற்றிவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடும். 'அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது' என்பது கரையில் நிற்பவர்களின் கவலை. வந்த அலையெல்லாம் கைவிட்டுப் போகிறதே என்பது டாக்டரம்மாவின் கவலை.

குற்றம் தொழிலுடையது. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்த கழுத்து, பலகையிலும் குனிந்தே கிடந்தது. பல்லைச் சுரண்டிப் பழகிய கை, தண்ணீரையும் மேலாகச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அங்க என்ன சொத்தைப் பல்லா தேடுறீங்க? தலையத் தூக்குங்க! கைய நல்லா நீட்டி ஆழமா விடுங்க, தொடை வரைக்கும் இழுங்க! காலச் சேர்த்து வைங்க!"

நாத்தனார் கத்தினால் கடைசி பெஞ்சும் எழுந்து நிற்கும். கத்தி முடித்துவிட்டு, அலை வரும்போது பலகையின் வாலில் கைவைத்து ஒரு தள்ளுத் தள்ளுவார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது வழக்கம்தான்.

அந்த ஞாயிறு மட்டும் தள்ளு இல்லை. கழுத்து நிமிர்ந்தது. கை ஆழமாகப் போனது. வால் எழும்பி, பலகை தானாக வழுக்கிக்கொண்டு ஓடியது. டாக்டரம்மா எழுந்து நின்றார்! கரைவரைக்கும் நின்றார்! இதை எழுதும்போது எனக்கே நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

3

அடுத்த முறை போனபோது, என் வாயில் பஞ்சை அடைத்த பிறகுதான் விஷயம் வந்தது.

சாப்பாட்டு மேஜையில் டாக்டரம்மா அந்த அலையை மறுபடியும் வர்ணித்துக்கொண்டிருந்திருக்கிறார். கணவர் தன் தங்கையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு சரியில்லை.

"என்னடி?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல அண்ணி. லேசா... ரெண்டு விரல்தான் வச்சேன்."

"எங்க?"

"பலகை வால்ல. தண்ணிக்கு அடியில. நீங்க அவ்வளவு ஆசையா கை போட்டீங்களா, எனக்கு மனசு கேக்கல."

(* பக்கத்தின் அடியில் வர வேண்டியது: இந்த நாத்தனாரை எனக்கு நம்ப முடியவில்லை. விடையைத் தானே எழுதிக்கொடுக்கும் கணக்கு டீச்சர் உண்டா? முதல் பிரதியில் பொறாமைக்காரி ஆக்கிப் பார்த்தேன். கதைகளில் நாத்தனார் என்றால் அதுதானே வழக்கம். ஒட்டவில்லை. இவர் பாசத்தால் கெடுத்தவர்.)

"சார், காலேஜ்ல அப்பா சேர்த்தாரு," என்றார் டாக்டரம்மா என் பல்லைப் பார்த்து. "கிளினிக் மாமனார் வச்சுக் குடுத்தாரு. எல்லாம் என் நல்லதுக்குத்தான், குறை சொல்லல. ஆனா யாரும் தள்ளாம நான் போனது அந்தக் கொஞ்ச நேரம்தான்னு நெனச்சிருந்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வலிக்குதா?"

தலையாட்டினேன். பல் மரத்துத்தான் இருந்தது.

4

ஆனால் அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரும் ஆளில்லை. மறுநாளே நோயாளிகளின் நாற்காலியை மட்டமாகச் சாய்த்து, அதில் குப்புறப் படுத்து, பாதங்களுக்கு நடுவில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு கை வீச ஆரம்பித்தார். துண்டு விழுந்தால் கால் அகன்றுவிட்டதென்று அர்த்தம்.

நர்ஸ் கதவைத் திறந்தார். "மேடம், பேஷண்ட் வந்திருக்காரு. நீந்தி முடிச்சதும் அனுப்பவா?"

கடலிலும் அலை பக்கமே திரும்பவில்லை. கரைக்கு இணையாகப் போவதும் வருவதுமாகப் பேடில் மட்டும். முதலில் கையைப் படபடவென்று அடித்தார். மூச்சு வாங்கியது, பலகை நகரவில்லை. பிறகு நீட்டி, ஆழமாக விட்டு, நிதானமாகத் தொடைவரை இழுத்தார். விரல்களை இறுக்காமல் விட்டார். பார்வையைப் பலகையின் முன்நுனியிலிருந்து தூக்கித் தூரத்தில் வைத்தார். பலகை சர்ரென்று முன்னால் போனது!

"போகுதுடி! பாரு, போகுது!"

"அப்ப என்கூடப் பேசுறீங்களா அண்ணி?" என்றார் நாத்தனார்.

"பேசுறேன். ஆனா கிட்ட வராத."

5

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கதையை முடித்து, அச்செடுத்து, கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். முடிவில் டாக்டரம்மா தானே ஒரு பெரிய அலையைப் பிடிக்கிறார், கரையில் ஒரே கைதட்டல். பல்லுக்கு உறை போட அளவெடுக்கும் பசையை என் வாயில் அழுத்திவிட்டு, அது இறுகும்வரை நின்றபடியே படித்தார். கடைசிப் பக்கத்தில் முகம் மாறியது.

"சார், அந்த ஞாயித்துக்கிழமை இன்னும் வரவேயில்லையே."

"ம்."

"நீங்களும் கை வச்சிட்டீங்களா?"

பசை இறுகிவிட்டிருந்தது.

என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "அவகிட்ட சொன்னதுதான் உங்களுக்கும். அலை கிடைக்காட்டி பரவால்ல. கிடைச்சா அது என்னுதா இருக்கணும்."

6

வீட்டுக்கு வந்து வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் அலையைத் தவறவிடுகிறார். தோற்கடித்தால் இலக்கியத் தரம் கூடுமே என்ற ஆசை. அது வாலைப் பிடித்துப் பின்னால் இழுப்பது. இன்னொன்றில் அலையே வரவில்லை. அது கடலுக்கே துரோகம். இரண்டையும் கிழித்தேன்.

ஆகவே, ஞாயிறு. வெயில் இப்போதுதான் ஏறுகிறது. நல்ல அலையாக ஒன்று திரண்டு வருகிறது.

"அண்ணி, இது உங்களுக்குத்தான்! போடுங்க!"

"கையத் தூக்கு!"

"தூக்கிட்டேன்!"

"ரெண்டையும்டி!"

நாத்தனார் மார்பளவு தண்ணீரில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார். டாக்டரம்மா கை வீசுகிறார், நீளமாக, ஆழமாக. கழுத்து நிமிர்ந்திருக்கிறது. கண் கரையில் இருக்கிறது. பின்னால் அலை கிளம்பிவிட்டது. பலகையின் வால் எழும்புகிறது. இன்னும் இரண்டே வீச்சு போட்டால்

நான் கையை எடுத்துவிட்டேன். இரண்டையும்.

நீங்களும் எடுங்கள். அவர் பிடித்துவிட வேண்டுமென்று உங்களுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் சொல்கிறேன், தொடாதீர்கள்.