சிவனேஸ்வரி சொல்லாமல் விட்ட வரி

2009-இல் லண்டனில் எங்கள் ஈழத்துச் சனத்துக்கு ஃபேஸ்புக் புதுசு. சொந்த முகத்தைப் போட வெட்கம். ஒருத்தி ரோசாப்பூ போடுவாள், ஒருத்தி பிள்ளையார் போடுவாள், இன்னொருத்தி யார் பெற்றதோ தெரியாத ஒரு வெள்ளைக் குழந்தையைப் போடுவாள். ஆனால் வேலையிடத்தைத் திட்டும்போது மட்டும் எந்த வெட்கமும் கிடையாது. தமிழில்தானே எழுதுகிறோம், எந்த வெள்ளைக்காரன் வாசிக்கப் போகிறான் என்ற தைரியம். மனேச்சருக்கு முன்னால் நின்றே அவரைத் தமிழில் பேசிவிட்டு, சிரித்தபடி 'தாங்க் யூ' சொல்லிப் பழகிய வாய்கள். கையும் அதே பழக்கத்துக்குப் போனது.

ஜெயகௌரியின் படம் செவ்வரத்தம்பூ. தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தாள். பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவள். ஜெர்மன் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலிஷ்தான் தொண்டையில் சிக்கும். புருஷன் குகதாசன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வீட்டோடு இருந்தான். தோர்ண்டன் ஹீத்தில் அவர்களுடைய வீட்டு அடுப்பு ஜெயகௌரியின் சம்பளத்தில்தான் எரிந்தது.

ஒருநாள் மாலை இல்லத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. தட்டில் இரண்டு மீன் துண்டும் ஒரு கரண்டி பட்டாணியும். அதை போனில் படம் பிடித்தாள். வீட்டுக்குப் போய் மகனைக் கொண்டு தமிழ் எழுத்தை ஏற்றுவித்து, படத்தின் கீழே மனதில் இருந்ததையெல்லாம் எழுதிப் போட்டாள். தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த, கை துடைக்கும் கடதாசித் துவாயில் இல்லத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. படம் கூட வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் கண்ணில் பட்டு, அங்கிருந்து மனேச்சர் கொலினிடம் போனது.

கொலினுக்குத் தட்டு விளங்கியது, பெயர் விளங்கியது, கீழே இருந்தது விளங்கவில்லை. அவர் சிவனேஸ்வரியைக் கூப்பிட்டார்.

சிவனேஸ்வரி அங்கே சீனியர். ஜெயகௌரியின் ஷிப்டுக்குப் பொறுப்பு அவள்தான். வேலைக்கு வெளியேயும் அவள் ஒரு அரசாங்கக் கந்தோர் மாதிரி. கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எது வந்தாலும் தோர்ண்டன் ஹீத் பெண்கள் "அக்கா, ஒருக்கா இதை வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று அவளுடைய குசினி மேசைக்குத்தான் வருவார்கள். ஜெயகௌரிக்கு அந்த வேலையையே எடுத்துக் கொடுத்தவள் சிவனேஸ்வரி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. ஃபேஸ்புக் பக்கம் மட்டும் அவள் போனதில்லை.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கொலின் கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

சிவனேஸ்வரி முதலில் மனதுக்குள் வாசித்தாள்.

"இதுதான் இரவுச் சாப்பாடாம். எண்பது, தொண்ணூறு வயசுச் சனத்துக்கு. சாப்பாட்டிலை பிடிச்சு மிச்சம் காட்டினால் மனேச்சருக்கு மேலிடத்திலை நல்ல பேர். எங்கடை சனத்திலையும் ஒராள் இருக்கிறா. மனேச்சர் தும்ம முதலே லேஞ்சியை நீட்டுவா. நாளைக்கு எனக்கு லீவு. எண்டாலும் போவன். ஆறாம் அறை அம்மா என்ரை கையாலை குடுத்தால்தான் வாய் திறப்பா."

கீழே செவ்வரத்தம்பூவுக்கு ரோசாப்பூக்களும் பிள்ளையார்களும் சிரித்திருந்தார்கள். லேஞ்சி வரிக்குத்தான் கூடுதலான சிரிப்பு. தெரிந்த சனத்திடமெல்லாம் தன் லேஞ்சிதான், அந்தக் கைக்குட்டைதான் பேச்சு என்று சிவனேஸ்வரிக்கு அந்த நொடியில் தெரிந்தது. காது சுட்டது. நான் வேலை எடுத்துக் கொடுத்தவள், என்னையா?

சாப்பாட்டு வரியைச் சொன்னாள். மனேச்சர் வரியைச் சொன்னாள், எழுதியிருந்ததைவிட ஒரு பிடி உப்புக் கூடவே போட்டுச் சொன்னாள். லேஞ்சி வரியைத் தாண்டினாள். அதை எந்த வாயால் சொல்வது?

"கீழே இன்னும் இருக்கிறதே?" என்றார் கொலின்.

"மிச்சம் வீட்டுக் கதை," என்றாள் சிவனேஸ்வரி.

இவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அறையை விட்டு வெளியே வந்தபோது மனம் ஆறியிருந்தது, ஒரு திட்டு வாங்கட்டும், வாய் அடங்கும் என்று நினைத்தாள். வேலை போகும் என்று அவள் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று பிறகு தனக்குத் தானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள், அது எடுபடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜெயகௌரி வந்தாள், அதே குசினி மேசைக்கு. கையில் ஒரு பை மரவள்ளிக்கிழங்கு, மற்றக் கையில் கடிதம்.

"அக்கா, என்னை நிப்பாட்டிப் போட்டினம். என்னத்துக்கெண்டு வடிவா வாசிச்சுச் சொல்லுங்கோ."

சிவனேஸ்வரி வாசித்தாள். நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தாராம். முதியவர்களில் எந்த அக்கறையும் இல்லாமல் அவர்களின் சாப்பாட்டை வைத்துக் கேலி செய்தாராம்.

"அக்கறை இல்லாமலோ?" ஜெயகௌரிக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த அம்மாவைப் பற்றி எழுதினனான் அக்கா! லீவு நாளிலையும் போய்ச் சாப்பாடு தீத்தினனான். ஆரோ அதை மறைச்சுப் போட்டுச் சொல்லியிருக்கினம். இனி எந்த இல்லத்திலை என்னை எடுப்பினம்? இவருக்கு எழும்பி நடக்கவே ஏலாது."

சிவனேஸ்வரி கடிதத்தை மடித்தாள். சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் பாதிப் பாவம் கழிந்திருக்கும். அவள் எழும்பிப் போய் கேத்திலைப் போட்டாள்.

"எனக்குத் தெரியும் ஆரெண்டு," என்றாள் ஜெயகௌரி அவள் முதுகைப் பார்த்து. "அந்த இந்தியாக்காரி வத்சலா. அவவுக்குத்தானே எங்களை விட்டால் அங்கை தமிழ் வாசிக்கத் தெரியும்."

வத்சலா சென்னையிலிருந்து வந்த நர்ஸ். யார் வம்புக்கும் போகாதவள். "அவவா இருக்காது" என்று சொல்ல சிவனேஸ்வரிக்கு ஒரு வசனம் போதும். அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப ஆர்?" கேத்தில் கொதித்தது. அவள் தேத்தண்ணி ஊற்றினாள்.

மேன்முறையீட்டுக் கடிதத்தை அன்றே எழுதினார்கள். எழுதியது சிவனேஸ்வரிதான், வேறு யார் எழுதுவது? "மொழிபெயர்த்த ஆள் முழுசாச் சொல்லேல்லை எண்டு எழுதுங்கோ அக்கா. மனச்சாட்சி இல்லாத ஆள் எண்டும் எழுதுங்கோ" என்று ஜெயகௌரி சொல்லச் சொல்ல, சிவனேஸ்வரி தன்னைத்தானே நல்ல இங்கிலிஷில் குற்றம் சாட்டி எழுதினாள். மனச்சாட்சியை மட்டும் வேண்டாம் என்றாள். கடிதத்துக்கு அது அழகில்லையாம்.

பதில் வந்தது. விசாரணைக்கு வரலாம், கூட வேலை செய்யும் ஒருவரைத் துணைக்குக் கூட்டி வரலாம்.

"நீங்கள்தான் வரோணும்," என்றாள் ஜெயகௌரி. "நீங்கள் பக்கத்திலை இருந்தால் எனக்குப் பயமில்லை."

"ஓம், வாறன்," என்றாள் சிவனேஸ்வரி.

இடையில் வத்சலா ஒருநாள் மருந்து அறையில் அவளைப் பிடித்துக்கொண்டாள். "சிவாக்கா, ஜெயகௌரி ஏன் என்னை ஃபேஸ்புக்ல இருந்து தூக்கிட்டாங்க? போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறாங்க. நேத்து கடைத்தெருவுல பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. நான் என்னங்க தப்புப் பண்ணேன்?"

"அவ கவலையிலை இருக்கிறா, பிறகு சரியாகும்," என்று சிவனேஸ்வரி மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஒருத்தியின் வயிற்றில் அடித்தாயிற்று. இப்போது இன்னொருத்தியின் தலையில் பழி. சீ, நானும் ஒரு மனுசியா என்று இருந்தது.

விசாரணை நாளன்று இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஜெயகௌரி நல்ல சேலை உடுத்து, நெற்றியில் விபூதி பூசியிருந்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். இல்லத்துக்கு முன்னால் இறங்கியதும் சிவனேஸ்வரிக்கு அதற்கு மேல் முடியவில்லை. உள்ளே போனால் கொலின் சொல்லிவிடுவார். அதைவிட, ஜெயகௌரி அவளுடைய கையை அவ்வளவு நம்பிக்கையாகப் பிடித்திருந்தாள்.

"ஜெயகௌரி, அது வத்சலா இல்லை."

"என்னக்கா?"

"நான்தான் வாசிச்சுச் சொன்னது. கடைசி வரியை நான்தான் விட்டனான். நீர் லேஞ்சி எண்டு எழுதினது எனக்குச் சுட்டுப் போட்டுது. வேலை போகுமெண்டு நினைக்கேல்லை. அதுக்காண்டி நான் செய்தது சரியெண்டு சொல்லேல்லை."

ஜெயகௌரி கையை எடுத்தாள். திட்டுவாள், அறைவாள் என்று சிவனேஸ்வரி காத்திருந்தாள், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெயகௌரி இல்லத்தின் வாசலைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இப்ப நான் வேற ஆரைக் கூப்பிடுறது?" என்றாள். "வாங்கோ, நேரமாச்சு."

அறையில் கொலினும், மேலிடத்திலிருந்து வந்திருந்த ஹிலரி என்ற பெண்ணும் இருந்தார்கள். சிவனேஸ்வரியைக் கண்டதும் கொலின் எங்கள் ஆள் வந்துவிட்டாள் என்பதுபோல் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார். சிவனேஸ்வரி போய் ஜெயகௌரிக்குப் பக்கத்தில் இருந்தாள். ஜெயகௌரி தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி அரக்கிக்கொண்டாள்.

"நான் ஆரம்பிக்கலாமா?" என்று சிவனேஸ்வரி ஹிலரியிடம் கேட்டாள். "முதல் மொழிபெயர்ப்புச் செய்தது நான். அது சரியில்லை." அந்தப் பதிவைக் கணினியில் எடுக்கச் சொல்லி, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்துச் சொன்னாள். போட்ட உப்பை எடுத்தாள். லேஞ்சி வரி வந்தபோது, "இது என்னைப் பற்றி எழுதியது" என்று சொல்லி அதையும் சொன்னாள். கொலின் கூரையைப் பார்த்தார். கடைசி வரியை மெதுவாகச் சொன்னாள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அதை இரண்டாம் தரமும் சொன்னாள்.

"விடுமுறை நாளில் உண்மையிலேயே வந்தாரா?" என்று ஹிலரி கேட்டார்.

கொலின் வரவுப் பதிவைப் பார்த்துவிட்டு ஓம் என்று தலையாட்டினார். அவரும் நல்ல மனிதர்தான். ஜெயகௌரி போன இந்த இரண்டு கிழமையாக ஆறாம் அறை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

கொலினும் ஹிலரியும் வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார்கள். அவ்வளவு நேரமும் ஜெயகௌரி வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னை ஒரு வார்த்தை திட்டும்" என்று சிவனேஸ்வரி மெல்லக் கேட்டபோது அவள் சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

ஹிலரி மெதுவாக, சிவனேஸ்வரி மொழிபெயர்க்க இடம் விட்டு விட்டுப் பேசினார். படம் போட்டது பிழைதான், எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும். ஆனால் வேலை திரும்ப உண்டு, திங்கட்கிழமை வரலாம். இரவுச் சாப்பாட்டைத் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். ஜெயகௌரி கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பையில் இருந்த லேஞ்சியை எடுத்துக் கொடுக்கக்கூட சிவனேஸ்வரிக்குத் துணிவில்லை.

"உங்களுடைய விஷயத்தைப் பிறகு தனியாகப் பேசுவோம்," என்றார் ஹிலரி அவளைப் பார்த்து. "இப்போது ஒன்று தெரிய வேண்டும். இவர் திரும்பி வந்தால் உங்களுடைய ஷிப்டில்தான் இடம் இருக்கிறது. வேறு ஷிப்டுக்கு மாற்றுவது எங்களுக்குக் கஷ்டம், ஆனால் முடியும். உங்களோடு வேலை செய்ய அவருக்குச் சம்மதமா? கேளுங்கள்."

அந்த அறையில் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவள் சிவனேஸ்வரி ஒருத்திதான். கேள்வியை எப்படிக் கேட்டாலும், பதிலை எப்படிச் சொன்னாலும் திருத்த ஆளில்லை.

"என்னோடை சேர்ந்து வேலை செய்ய உமக்குச் சம்மதமோ எண்டு கேக்கினம்," என்றாள் தமிழில்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு ஜெயகௌரி அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் சிவனேஸ்வரி தாங்கியிருப்பாள்.

"ஏலாது எண்டு சொல்லுங்கோ அக்கா."

சிவனேஸ்வரி ஹிலரியின் பக்கம் திரும்பி, அப்படியே இங்கிலிஷில் சொன்னாள்.