செப்டம்பரில் பூக்கும் செடி

பெரிய வெள்ளியன்று அந்த ஊரில் தேவாலய மணி அடிப்பதில்லை. அதற்குப் பதிலாக மரக் கிலுக்கிகளைச் சுழற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். அந்தக் கரகரப்பு சரிவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, வெண்டலின் தன் தோட்டத்து மூலையில் மக்கும் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் முன் மண்டியிட்டிருந்தார்.

உருளைக்கிழங்குத் தோல், முட்டை ஓடு, காப்பி வடிகட்டிய தாள். இவற்றுக்கு நடுவில்தான் நேற்று மனைவி கெர்லிண்டே நறுக்கி எறிந்த இலைக் காம்புகள் கிடக்க வேண்டும். அவற்றோடு மே மணிப்பூவின் ஒரு மொட்டு கிடைத்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள். மருத்துவமனையில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

பெரிய வியாழனன்று பச்சையாக எதையாவது சமைத்தாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். நேற்றுக் காலை கெர்லிண்டே காட்டோரத்துக்குப் போய், ஒரு கூடை நிறையக் காட்டுப்பூண்டு இலை பறித்து வந்தாள். மாலையில் மலர்ச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்துப்போக நண்பர் எகோன் வந்து வாசலில் நின்றபோது, வெண்டலின் கூடைக்குள் கிடந்த ஒரு பூங்கொத்தை எடுத்து லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையை விற்ற பிறகும் அந்த லென்ஸ் மட்டும் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா கெர்லிண்டே, கல்யாணத்துக்கு முன்னாடி உன்னையும் இப்படித்தான் பாத்தானா?" என்றார் எகோன்.

"பாத்திருந்தா கட்டியிருக்கவே மாட்டானே."

வெண்டலின் சிரிக்கவில்லை. இதழ் ஆறு. மகரந்தத் தாள் ஆறு. நகத்தால் சூல்பையைக் குறுக்கே கீறிப் பார்த்தார். மூன்று அறை. எல்லாப் பூக்களும் ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிபோல் விரிந்திருந்தன. "வெங்காயச் சொந்தம். சந்தேகமே இல்ல," என்று பூங்கொத்தைக் கூடையில் போட்டார்.

கெர்லிண்டே இரண்டு இலைகளைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இதுல சிலதுக்குக் காம்பே இல்ல, வெண்டலின். கொஞ்சம் முரடா வேற இருக்கு."

"மோந்து பாத்தியா?"

"கூடையே பூண்டு வாசம்தான். என் கையும் அப்படித்தான் இருக்கு. இதுல எத மோந்து பாக்குறது?"

"பூவப் பாத்தாச்சுல்ல. இலை ஊருக்கு ஒரு வேஷம் போடும். பூவுக்கு அது தெரியாது."

சங்கத்தில் அவர் எல்லாரிடமும் சொல்வது இதுதான். இலையை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். பூவைத் திறந்து பாருங்கள். குடும்பம் உள்ளேதான் இருக்கிறது. எகோன் காரின் ஒலிப்பானை அடித்தார். வெண்டலின் போய்விட்டார். கூட்டத்தில் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தின்றுவிட்டுத் திரும்பியபோது கெர்லிண்டே படுத்துவிட்டிருந்தாள். இலையை அரைத்துப் பொதிந்த மாவுக் கொழுக்கட்டைகள் அவர் பங்குக்கு சூப்பில் மிதந்தன. பசியில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தார்.

விடியும்போது அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாந்தி நிற்கவில்லை.

மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டர் ஷ்லாட்டரர் இளம்பெண். சுற்றி வளைக்காமல் பேசினார். "காட்டுப்பூண்டுன்னு நினைச்சு வேற இலையச் சாப்பிட்டிருக்காங்க. வருஷா வருஷம் யாராவது வர்றாங்க. ரெண்டுல ஒண்ணா இருக்கணும். மே மணிப்பூவா இருந்தா இதயத்துலதான் கைவைக்கும். அதுக்கு முறிவு மருந்து இருக்கு, இன்னைக்கே போடலாம். இன்னொண்ணா இருந்தா..."

"மருந்து இல்ல," என்றார் வெண்டலின்.

"ரத்தம் அனுப்பியிருக்கோம். ஆனா விடுமுறை. நாளைக்கு முன்னாடி முடிவு வராது. சமைச்சது வெந்து குழைஞ்சிருக்கும், அதுல ஒண்ணும் தெரியாது. மிச்சம் மீதி ஏதாவது கிடைச்சா செடி தெரிஞ்ச ஒருத்தர்கிட்டக் காட்டலாம். எங்களுக்கு வழக்கமா ஒருத்தர் பாத்துச் சொல்வார்னு நர்ஸ் சொன்னாங்க. பேரு..." அவர் மேசையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு கட்டில் தலைமாட்டில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே குடும்பப் பெயர்.

"நான் போய்ப் பாக்கிறேன்," என்றார் வெண்டலின்.

இப்போது அவர் விரல்களால் குப்பையைத் துழாவினார். காட்டுப்பூண்டு, மே மணிப்பூ, மூன்றாவதாக அந்த இன்னொன்று. மூன்றுக்கும் ஆறு இதழ், ஆறு தாள், மூன்று அறை. பழைய புத்தகங்களில் மூன்றும் ஒரே குடும்பமாக இருந்தவை. பிறகு வந்தவர்கள் மூன்று வீடாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவினையைப் பற்றி அவர் சங்கத்தில் ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறார்.

முட்டை ஓட்டுக்கு அடியில் ஒரு தண்டு தென்பட்டது. அதில் வரிசையாகச் சின்ன மணிகள், நிறம் போய் வாடியிருந்தன. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். மணியின் விளிம்பில் ஆறு பல். உள்ளே ஆறு தாள். மே மணிப்பூதான், மே மணிப்பூதான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அவர் வாழ்நாளில் எந்தப் பூவையும் இப்படி நம்ப விரும்பிப் பார்த்ததில்லை.

மேற்கொண்டு பார்க்காமலே எழுந்து தொலைபேசியிடம் போயிருக்கலாம். ஆனால் கண் பழக்கம் விடவில்லை. மே மணிப்பூவின் வெள்ளை மணிகள் தண்டின் ஒரே பக்கம் சாய்ந்து தொங்கும். இவை தண்டைச் சுற்றிலும் நெருக்கமாக ஒட்டியிருந்தன. மணியின் வாய் குறுகியிருந்தது. மடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. ஈஸ்டருக்காக கெர்லிண்டே சாப்பாட்டு மேசையில் வைத்து, வாடியதும் எறிந்த நீலப்பூ அது.

அவர் அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி குப்பைக்குள் கையை விட்டார். கிலுக்கிச் சத்தம் கீழ்த்தெருவுக்குப் போய்த் தேய்ந்தது.

அடுத்து கையில் வந்தது அவர் தேடாதது. கத்தியால் வெட்டிய ஒரு இலைக் கற்றையின் அடி. காம்பில்லாத இலைகள் ஒன்றையொன்று உறைபோல் சுற்றியிருந்தன. உறையைப் பிரித்தார். நடுவில் விரல் நுனி அளவு பச்சைக் காய். குறுக்கே கீறினார். மூன்று அறை. உள்ளே வெள்ளை வெள்ளையாக விதைகள்.

வசந்தத்தில் இலைக்கு நடுவே காய் வைத்திருப்பது அந்த ஒரு செடிதான். அதன் பூ இலையுதிர்காலத்தில் வரும். ஓர் இலையும் இல்லாமல், வெளிர் ஊதா நிறத்தில், ஈர மண்ணிலிருந்து நேராக எழும். சூல்பை மண்ணுக்கு அடியிலேயே இருந்துவிடும். இலை தலைகாட்டும்போதுதான் அது காயாகி மேலே வரும். நம் வேலிகளில் படரும் செங்காந்தளும் அதே குடும்பம்தான். நஞ்சும் அதே நஞ்சு.

காட்டோரத்தை ஒட்டிய அந்தப் புல்வெளிக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் சங்கத்தாரை அழைத்துப் போயிருக்கிறார். ஒவ்வொரு பூவின் முன்னும் மண்டியிட்டுத் தாள் எண்ணிக் காட்டியிருக்கிறார். கெர்லிண்டே கூடையோடு அந்தப் பக்கம் போனபோது அது அவர் நினைவுக்கு வரவே இல்லை. அவர் மனத்தில் அந்தச் செடி செப்டம்பரில் மட்டுமே இருந்தது.

உள்ளே போய் கை கழுவாமல் தொலைபேசியை எடுத்தார்.

"காய் கிடைச்சிருக்கு. மூணு அறை. இலைக்கு நடுவுல. அந்த இன்னொண்ணுதான்."

மறுமுனையில் டாக்டர் கேட்டார்: "தப்பா இருக்க வாய்ப்பிருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. "இல்ல," என்றார்.

சனிக்கிழமை பகலில் கெர்லிண்டே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாந்தி நின்றிருந்தது. முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. யாரோ அவளுக்குத் தலை சீவிவிட்டிருந்தார்கள். வெண்டலினைத் தாழ்வாரத்திலேயே நிறுத்தி டாக்டர் சொல்லியிருந்தார்: இந்த நஞ்சு நடுவில் இப்படி ஒரு நாள் அடங்கியிருக்கும், பார்த்து நம்பிவிடாதீர்கள், ரத்த அணுக்கள் குறையத் தொடங்கிவிட்டன.

"பாத்தியா, ஒண்ணுமில்ல," என்றாள் கெர்லிண்டே. "தயிர் கேட்டேன், தரமாட்டேங்கிறாங்க. திங்கக்கிழமை வீட்டுக்கு விடுவாங்கல்ல?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மூஞ்சி இது? எகோன் வந்து பாத்தா உன்னையும் பக்கத்துக் கட்டில்ல படுக்கவச்சிடுவான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வெண்டலின், சிலதுல நடுவுல ஒரு பச்சை உருண்டை இருந்துச்சு. உன்கிட்டக் கேக்கலாம்னு தனியா எடுத்து வச்சேன். நீ வர நேரமாச்சு. அப்புறம் தூக்கிப் போட்டுட்டேன். நீதான் பூவப் பாத்துட்டியே."

அவர் போர்வையின் ஓரத்தை மடித்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே யாரோ கார்க் கதவைச் சாத்தினார்கள். அவள் காத்திருந்தாள். நாற்பது வருஷமாக அவருடைய இந்த மௌனங்களுக்கு அவள் பழகியவள்.

"அது என்ன செடின்னு தெரிஞ்சுதா?"

"ம்."

"பூ எப்படி இருக்கும்?"

"ஊதா. ரொம்ப வெளிர். ஆறு இதழ், ஆறு தாள்," என்றார்.

"எப்பப் பூக்கும்?"

"செப்டம்பர்ல."

"அட, அந்தப் புல்வெளில வருமே, அதுவா? வருஷா வருஷம் கூப்பிடுவ. முட்டி வலி, குளிருன்னு நான்தான் வராம இருந்துட்டேன்." அவள் அவர் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இந்தத் தடவை வர்றேன். கீழ உக்கார முடியாது, நீ பறிச்சுக் குடு. நானும் எண்ணிப் பாக்கிறேன்."

"சரி," என்றார் வெண்டலின்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் குனிந்து அவள் விரல்களில் முகத்தை வைத்தார். ஆஸ்பத்திரிச் சோப்பையும் மீறி அவற்றில் இன்னும் பூண்டு வாசம் இருந்தது.