எத்தனை மிஸ்ட் கோல்?

ஆயிரம் சொட்டு விழுந்தது. கருவி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு என்று காட்டியது.

சயந்தினி தண்ணீர்ப் பையை மாற்றி மறுபடியும் ஓடவிட்டாள். எட்டரை நிமிடம். மறுபடியும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

லண்டன் பட்டர்சீயில் இருந்த அந்தச் சின்னக் கம்பனி, சேலைன் குழாயில் கொழுவிவிடும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. நோயாளிக்கு எத்தனை சொட்டு இறங்குகிறது என்று எண்ணுவது அதன் வேலை. அடுத்த வாரம் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போகவேண்டும். கருவிக்குள் ஓடும் புரோகிராம் சயந்தினி எழுதியது. சொட்டு விழுவதைக் காணும் சென்சர், ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் பட்டறை வைத்து அங்கேயே குடியிருக்கும் கிருஷ்ணராசா செய்தது.

"எப்பவும் மூணுதானா?" என்று கேட்டபடி மேலாளர் நரசிம்மன் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். கையில் எப்போதும் பாதி குடித்த காப்பி இருக்கும்.

"ஓம், எப்பவும் மூண்டு."

"மூணு சொட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா காரணம் தெரியாத மூணு, நாளைக்கு முப்பது ஆகும். சென்சார்தான்னு நினைக்கிறேன். கையால ஒட்டுனது பாருங்க. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள வேற காரணம் கிடைக்கலேன்னா, சென்சார் சரியில்லைன்னு ரிப்போர்ட் அனுப்பிட்டு ஜெர்மன் சென்சாரை வாங்கிடறேன்."

சயந்தினி கிருஷ்ணராசாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"தங்கச்சி, டென்மார்க்கில பதினாறு வருசம் இதே வேலைதான் செய்தனான். அங்கையும் எது பிழைச்சாலும் முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்கள்."

"நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன் அண்ணை."

"தேடுங்கோ. இந்த ஓடர் போச்செண்டா பட்டறையைப் பூட்டிப்போட்டு நான் திரும்ப டென்மார்க்தான். என்ர மனிசி தயாளினி இப்பவே சூட்கேசைத் தூசு தட்டத் தொடங்கிட்டா." சிறிது நிறுத்தினார். "நாளைக்கு நான் போன் எடுக்கமாட்டன். கையில சூடான சோல்டரிங் கம்பி இருக்கும். முடிவு தெரிஞ்சா மிஸ்ட் கோல் தாங்கோ. நல்லதெண்டா ஒண்டு. கெட்டதெண்டா ரெண்டு."

மாலை ஆறு மணிக்குக் கிளப்பம் ஜங்ஷனில் ரயில் ஏறியதும் சயந்தினி வீட்டுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தாள். இது மாமி சிவமலரின் ஏற்பாடு. ரயில் ஏறினால் ஒன்று. அப்போது சம்பல் அரைபடும். தோர்ண்டன் ஹீத்தில் இறங்கினால் இன்னொன்று. அப்போது தோசைக்கல் அடுப்பில் ஏறும். வீட்டு வாசலுக்கு வரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். இரண்டு வருடத்தில் ஒருநாளும் பிழைத்ததில்லை.

அன்று பிழைத்தது. சயந்தினி உள்ளே வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. மாமி ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, பறந்தே வந்தனீர்? இப்பதானே ரயில் ஏறினீர்?"

"இல்லை மாமி. ஏறேக்கை ஒண்டு, இறங்கேக்கை ஒண்டு, ரெண்டும் அடிச்சனான்."

"நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான். வந்து பாக்க போனில லைட் மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஒண்டெண்டு நினைச்சன்."

"எத்தினை எண்டு அதில எழுதியிருக்கும் மாமி."

"கண்ணாடி இல்லாமல் எழுத்து எனக்குத் தெரியுமே? லைட் மட்டும்தான் தெரியும். ஒருக்கா அடிச்சாலும் அது மினுங்கும், ஒம்பது தரம் அடிச்சாலும் அதுதான் மினுங்கும். நான் என்ன சாத்திரமே பாக்கிறது?"

சயந்தினி ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நின்றாள்.

"என்ன, கோபமோ?"

"இல்லை மாமி. நீங்கள் இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"சாத்திரமோ?"

"அதுக்கு முதல் சொன்னது."

மாமி மருமகளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். சயந்தினி சமையலறை மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள்.

சொட்டு விழும்போது சென்சர் கருவியின் மூளைக்கு ஒரு தட்டுத் தட்டும். இன்டரப்ட் என்பார்கள். மூளை செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, சொட்டு விழுந்தது என்று ஓர் அடையாளத்தை ஏற்றிவிட்டுத் திரும்பிப் போகவேண்டும். அங்கே நின்று கதைத்தால் மற்ற வேலைகள் கெட்டுவிடும். எண்ணுகிற வேலை பிறகு மெல்ல ஆறுதலாக வந்து, அடையாளத்தைப் பார்த்து, கணக்கில் ஒன்றைக் கூட்டி, அடையாளத்தை இறக்கிவிடும். சயந்தினி அப்படித்தான் எழுதியிருந்தாள்.

ஆனால் எண்ணுகிற வேலை குளிக்கப் போயிருந்தால்?

இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை கருவி பற்றரியைச் சோதித்து, அதுவரை நடந்ததைப் பதிந்து வைக்கும். அதற்கு ஒரு செக்கன் பிடிக்கும். அந்த நேரம் எண்ணுகிற வேலை வரிசையில் காத்திருக்கவேண்டும். அரைச் செக்கனுக்கு ஒரு சொட்டு விழுகிறது. முதல் சொட்டுக்கு அடையாளம் ஏறும். இரண்டாவது சொட்டு விழும்போது அது ஏற்கெனவே ஏறித்தான் இருக்கும். மறுபடி ஏற்றினாலும் ஏறினது ஏறினதுதான். எண்ணுகிற வேலை வந்து பார்த்தால் விளக்கு மினுங்கும். ஒன்றென்று நினைக்கும்.

எட்டரை நிமிடத்தில் எத்தனை இரண்டரை? மூன்று.

தட்டில் தோசை ஆறிப்போனது. சென்சர் சரியாகத்தான் தட்டியிருக்கிறது. பிழை அவளுடையது.

அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமை முடிகிறது. அன்றுதான் வேலையை நிரந்தரமாக்குவதா என்று நரசிம்மன் முடிவு செய்வார். நாளை மதியம்வரை வாயைத் திறக்காமல் இருந்தால், ஜெர்மன் சென்சரோடும் அதே மூன்று குறையும். ஆனால் அது தெரியவரும்போது வெள்ளிக்கிழமை கடந்திருக்கும். இந்த எண்ணம் வந்து போனது. ஆறிய தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலை எட்டு மணிக்கே வேலைக்குப் போனாள். அடையாளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் எண்ணிக்கையை வைத்தாள். இனி ஒவ்வொரு தட்டும் அதில் ஒன்றைக் கூட்டும். எண்ணுகிற வேலை எவ்வளவு பிந்தி வந்தாலும் அத்தனையையும் எடுத்துக்கொள்ளும். மாற்றியது நான்கே வரிகள். தண்ணீர்ப் பையைக் கொழுவினாள். எட்டரை நிமிடம்.

ஆயிரம்.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு நரசிம்மனின் மேசைக்குப் போனாள்.

"சென்சரில பிழை இல்லை சார். என்ர புரோகிராமிலதான் பிழை." அடையாளத்தின் கதையைச் சொன்னாள். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதை நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஓம்."

"ஆஸ்பத்திரியில போய்த் தெரிஞ்சிருக்கும்." காப்பியை மறுபடி எடுத்தார். "ரிப்போர்ட்டை உங்க பேர் போட்டு நீங்களே எழுதுங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னும் எழுதுங்க. வெள்ளிக்கிழமை நாம பேசலாம். ஜெர்மன்காரங்களுக்கு வேண்டாம்னு நான் சொல்லிடறேன்."

வெள்ளிக்கிழமை என்ன பேசுவார் என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சயந்தினி வராந்தாவுக்கு வந்து கிருஷ்ணராசாவை அழைத்தாள். தன்னுடைய பிழை என்பதைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்று நினைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் அவரே திரும்ப அழைத்தார். குரல் மிக நிதானமாக இருந்தது.

"ரெண்டு வந்திருக்கு தங்கச்சி. பரவாயில்லை. நீங்கள் உங்களால ஏலுமானதைச் செய்தனீங்கள். தயாளினிக்குச் சொல்லிட்டன். அவ சூட்கேசை எடுத்திட்டா."

"ஐயோ அண்ணை! நீங்கள் எடுக்கேல்லை எண்டுதான் ரெண்டாந்தரம் அடிச்சனான்!"

"எடுக்கமாட்டன் எண்டு நேற்றே சொன்னனான் தானே?"

"சென்சர் சரி அண்ணை. ஆயிரத்துக்கு ஆயிரம். பிழை என்ரதான்."

மறுபக்கத்தில் சோல்டரிங் கம்பியை அதன் தாங்கியில் வைக்கும் சின்னச் சத்தம் கேட்டது.

"தயாளினி!" என்று அவர் கூப்பிட்டது பட்டறை முழுவதும் எதிரொலித்தது. "எடுத்ததைத் திரும்ப மேல வையும்!"