பாலத்தில் கட்டிய பாத்தி

கோமுகி ஆற்றுப் பாலத்தின் மேல் அன்று நடவு வயல் மாதிரி தண்ணீர் நின்றது. புதுத் தளம் காய்ந்து வெடித்துவிடாமலிருக்க, களிமண்ணில் வரப்பு போட்டுப் பாத்தி பாத்தியாகத் தேக்கியிருந்தார்கள். கான்கிரீட் போட்டு ஒன்பதே நாள். இருபத்தொரு நாளுக்கு ஒரு சைக்கிள்கூட ஏறக்கூடாது என்று பலகை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தவள் உதவிப் பொறியாளர் செந்தமிழ்ச்செல்வி. குறுக்கே கட்டிய சவுக்குக் கழியருகே பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அவள் அப்பா பாவாடை. மகள் ஆபீசரானாலும் அவர் தினக்கூலிதான்.

விடிந்ததிலிருந்து அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். காண்ட்ராக்டர் கண்ணாயிரத்தின் மகளுக்கு இன்று கல்யாணம். வீடு இந்தக் கரை, மண்டபம் அந்தக் கரை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தேழு புரட்டாசியில், இடஒதுக்கீட்டு மறியல் நடந்தபோது இதே பாலத்தின் கைப்பிடிச் சுவரைக் கடப்பாரையால் பெயர்த்து ரோட்டில் போட வைத்தவர் கண்ணாயிரம். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். வெட்டிப் போட்ட புளியமரத்தின் மேல் அவர் குந்தியிருந்தார். பிரசவ வலி கண்டு துடித்த செல்வியின் அக்கா பூமாலையைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, "ரோடு கிடையாது. ஆத்துல எறங்கிப் போ" என்றார். இடுப்பளவு தண்ணீர். கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அக்கரை சேர்ந்தபோது கட்டிலில் உயிர் இல்லை, பிள்ளையும் இல்லை.

உடைத்தவருக்கே பாலத்தைப் புதுப்பிக்கிற காண்ட்ராக்டும் கிடைத்தது. செல்வி அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத் தேதியைப் பார்த்தாள். கான்கிரீட்டுக்கு வந்த மணலைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வைத்தாள். அரை அங்குலம் சேறு படிந்தது. கழுவிப் போட்டால் போதும் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை லோடையும் திருப்பி அனுப்பினாள். வேலை இரண்டு வாரம் தள்ளிப்போனது. கல்யாணம் பாத்தி கட்டிய இருபத்தொரு நாளுக்குள் வந்து விழுந்தது. ஆற்றில் போட்டிருந்த மாற்றுப்பாதையை முந்தாநாள் கல்வராயன் மலையில் பெய்த மழை அடித்துக்கொண்டு போனது. அது மட்டும் அவள் செய்ததில்லை.

ஆறே முக்காலுக்கு, பெண்ணையும் சம்பந்தி வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு நாலு கார் வந்து நின்றது. பட்டு வேட்டியோடு கண்ணாயிரம் இறங்கினார்.

"இன்னாமா, கழிய எடு. ஏழரைக்கு முகூர்த்தம். சுத்திக்கினு போனா தாலி கட்ட மதியம் ஆயிடும். ஓரமா போயிடறோம்."

"பன்னெண்டு நாள் கழிச்சி போங்க."

"நான் போட்ட பாலம்மா இது!"

"நீங்க ஒடச்ச பாலமும் இதான்."

பின் காரில் மாப்பிள்ளைத் தோழன் யாரோ சிரித்துவிட்டான். கண்ணாயிரத்துக்கு முகம் கறுத்தது.

"கோட்டாவுல வந்த இஞ்சினீருக்கு வாயப் பாரு."

"அப்ப மரத்த வெட்டிப் போட்டுக்கினு குந்துனது எதுக்குங்க? கோட்டாவுக்குத் தானே?"

இவளோடு பேசுவதில்லை என்பதுபோல் அவர் திரும்பிக்கொண்டார். "டேய் பாவாடை, அவுறுடா கழிய."

பாவாடையின் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. கை தானாகக் கயிற்று முடிச்சுக்குப் போனது. அறுபது வருஷமாக அப்படியே போய்ப் பழகிய கை.

மணல், தேதி, எல்லாம் கணக்குப் போட்ட செல்வி இதைப் போடவில்லை. அப்பா கையாலேயே அவிழ்த்துவிட்டால் அக்கா இரண்டாவது தடவை சாவாள். அவிழ்க்காதே என்று சொல்லலாம், கேட்பார். அதுவும் ஒரு ஆபீசருக்குக் கட்டுப்பட்டதாகத்தான் இருக்கும்.

"அப்பா," என்றாள். "அக்கா கட்டில்ல தலமாட்டுப் பக்கம் நீதான புடிச்சிக்கினு போன?"

கை நின்றது. பாவாடை ஆற்றைப் பார்த்தார். டிரைவர் ஒருத்தன் ஹாரன் அடித்தான். அவர் பாதி தளர்ந்த முடிச்சை இழுத்து, இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். இடுப்புத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆத்துல எறங்கிப் போங்க."

"இன்னாடா சொன்ன?"

"எங்களுக்கு இடுப்பளவுங்க. உங்களுக்கு முட்டிதான்."

கண்ணாயிரம் கை ஓங்கினார். பின் காரிலிருந்து இறங்கிவந்த சம்பந்தி, "முகூர்த்தம் தப்பப் போவுது, வாங்க" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார்.

இறங்கினார்கள். மேளக்காரன் தவிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். கண்ணாயிரத்தின் செருப்பு ஒன்று தண்ணீரோடு போனது. நடு ஆற்றில் மணப்பெண் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தது என்று செல்விக்கு ஒரு கணம் தோன்றியது. பூமாலை மட்டும் என்ன செய்தாள்? செல்வி கண்ணை எடுக்கவில்லை. கடைசி ஆள் ஈரத்தோடு அக்கரை ஏறும் வரை எடுக்கவில்லை.

பாவாடை ஆற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. "அந்த ஓரத்துல வரப்பு ஒடச்சிக்கினு கீது," என்றார். "மண்ணு எடுத்துக்கினு வா."

அவள் மண் எடுக்கப் போனாள்.