கிளாரா தாண்டிய கால்மிதி

எனக்கு வாய் நீளம். தைத்த பனியனில் குறை தேடும் செக்கிங் டேபிளில் பெண்களை நிறுத்தி வேலை வாங்குகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் ஒரு பெட்டிச் சரக்கு வெளியே போகாது. அதனால் என் வாயைப் பற்றி நான் வெட்கப்பட்டதே இல்லை, இந்த மார்கழி வரைக்கும்.

திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீடு. கீழே நாங்களும் எங்கள் செக்கிங் யூனிட்டும். மாடியில் வாடகைக்கு ஒரு போர்ச்சுகல் குடும்பம். ஒரு மில்லில் புதிய பிரிண்டிங் மெஷின் பூட்ட வந்த நூனோ, அவன் மனைவி தெரேசா, நாலு வயது கிளாரா. தெரேசா தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவாள். கீரைக்காரியிடம் பேரமே பேசாமல் வாங்கி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். கிளாரா விடிந்ததும் நேராக என் அடுப்படிக்கு வந்துவிடுவாள். சந்தகை என்கிற இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் என்றால் அவளுக்கு உயிர். "மது அத்தை" என்று கூப்பிடுவாள். எனக்கும் என் வீட்டுக்காரர் வேல்குமாருக்கும் பிள்ளை இல்லை. அந்த 'அத்தை'க்காகவே தினமும் சந்தகை பிழிந்தேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

திருப்பூரில் கால்மிதியைக் காசு கொடுத்து வாங்குகிறவன் யாரும் கிடையாது. கழித்துப் போட்ட பனியன் துணிதான் கால்மிதி, அதுதான் அடுப்புத் துணி, அதுதான் மெஷின் துடைப்பதும். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஆடி மாதத்திலேயே முடிந்துவிடும். மானும் மரமும் தாடிக்காரரும் போட்ட சரக்கெல்லாம் அப்போதே கப்பல் ஏறிவிடும். தேறாதது எங்கள் வீட்டுத் தரைக்கு வரும். மார்கழி பிறந்ததும் அந்த மூட்டையிலிருந்து ஒரு துண்டை உருவி, மாடிப்படியின் அடியில் போட்டேன்.

அன்றிலிருந்துதான் கிளாரா தாண்ட ஆரம்பித்தாள். கடைசிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரே குதி. குதித்து விழுவது நேராக என் கோலத்தில். விடியுமுன் எழுந்து, சாணி தெளித்து, புள்ளி வைத்து, நடுவே பூசணிப்பூ செருகியிருப்பேன். பூவும் நசுங்கும், கோலமும் கலையும்.

"ஏங் கண்ணு, கால்மிதில கால வெச்சு எறங்குனா தேஞ்சா போயிருவ?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாளும் குதித்தாள்.

பிறகு ஒரு நாள் கால்மிதி காணாமல் போனது. அடுத்த துண்டைப் போட்டேன், அதுவும் போனது. மூன்றாவதும் போனபோது யூனிட்டில் துணி மடிக்கும் ஆயம்மாள், "பாப்பாதாங்க்கா சுருட்டிக்கிட்டு மேல ஓடுச்சு. நாம் பாத்தனுங்க" என்றாள்.

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். எதிர்வீட்டு ரங்காத்தாள் குழம்புக் கரண்டியோடு வெளியே வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"ஏம்மா தெரேசா! இந்த வயசுலயே எடுக்கற பழக்கமா? புள்ளையக் கண்டிச்சு வளக்கோணும் பாத்துக்க!"

தெரேசாவின் வெள்ளை முகம் ரத்தமாகச் சிவந்தது. "சாரி அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் கிளாரா சந்தகைக்கு வரவில்லை. நான் புதிதாகப் போட்ட நாலாவது துண்டைத் தாண்டி, தெரேசா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். பெரியவளும் கால் வைக்கவில்லை. திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பிழிந்த சந்தகை தட்டில் காய்ந்து கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நூனோ வந்து வேல்குமாரிடம், சாயங்காலம் சாப்பிட வரச் சொன்னான். மில்லில் வேலை முடியாததால் ஊருக்குப் போக லீவு இல்லையாம். நான் வரமாட்டேன் என்றேன்.

"நல்ல நாளுன்னு கூப்புடறாங்க மது. போயிட்டு வந்தர்லாம்" என்றார் வேல்குமார். வாழைப்பழச் சீப்போடு போனேன். பிள்ளை பேசிவிடாதா என்ற ஆசைதான் உள்ளுக்குள்.

கதவருகில் கத்தரித்த காகித நட்சத்திரம். நூனோவோடு வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் எங்கள் யூனிட்டு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் வைக்கோல் பரப்பி, களிமண் பொம்மைகள் வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் விரித்திருந்த துணியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பின்சுவரிலும் அதே துணி இரண்டு, துவைத்து, இஸ்திரி போட்டு.

"பாத்தீங்களா! நம்ம கால்மிதி!" என்று வேல்குமாரிடம் சொல்லிக்கொண்டே பெட்டித் துணியின் முனையைப் பிடித்து இழுத்தேன். எல்லோர் முன்னாலும் இழுத்தேன். பொம்மைகள் உருண்டன. ஒரு களிமண் ஆடு தரையில் விழுந்து கால் உடைந்தது.

கிளாரா வீறிட்டாள். ஓடி வந்து என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

அப்போதுதான் சுவர்த் துணியில் இருந்த படத்தைப் பார்த்தேன். மாட்டுத் தொழுவத்தில், வைக்கோல் மேல் படுத்திருக்கும் குழந்தை. பக்கத்தில் தாய். சுற்றி நின்று மனிதர்கள் அந்தக் குழந்தையைக் கும்பிடுவதுபோல அச்சடித்திருந்தார்கள். இது எனக்குத் தெரியாதா? ராயபுரத்தில் இருந்துகொண்டு ஏசுவைத் தெரியாதவள் யார்? இந்த டிசைனை டேபிளில் போட்டு நானேதான் கழித்தேன். தலையைச் சுற்றியிருந்த மஞ்சள் வட்டம் கொஞ்சம் விலகி விழுந்திருந்தது. அந்த விலகலை மட்டும் பார்த்தேன். பிள்ளையின் முகத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தேன். கன்னத்தில் பழுப்பாக ஒரு கறை. எத்தனை தடவை துவைத்தாலும் வெள்ளைத் துணியில் சாணிக்கறை போகாது. குதிகால் அளவுக்கு இருந்தது. தினமும் சாணி தெளித்துவிட்டு ஈரக்காலை அந்தப் படியடித் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

பழைய காலண்டரில் முருகன் படம் இருந்தால் அதைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. அப்படிப்பட்டவள் நான்!

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றேன்.

"அக்காவுக்குத் தெரியாது" என்றாள் தெரேசா. "சொன்னா, அக்கா அழும்." உடைந்த ஆட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "சாரி அக்கா" என்றாள். ஐயோ, அப்போதும் அவள்தான் சாரி சொன்னாள். திருடி என்று தெருவுக்கே கேட்கச் சொன்ன என் வாய் ஒட்டிக்கொண்டது.

இறங்கி வந்து வீடு முழுக்கத் தேடினேன். படியடியில் ஒன்று. துவைக்கிற கல்லின் மேல் ஒன்று. மெஷின் எண்ணெய் துடைத்து ஆயம்மாள் சுருட்டிப் போட்டது ஒன்று. எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கசக்கினேன். வேல்குமார் தண்ணீர் மொண்டு ஊற்றினார். தேங்காய் நார்க் கால்மிதி ஒன்று வாங்கி வரச் சொன்னேன். பிறகு, எதுவுமே வேண்டாம், தரை வெறுமையாகக் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் காலையில் கோலத்தை வாசலின் ஓரமாகத் தள்ளிப் போட்டேன். சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, தட்டோடு படியடியில் நின்றேன். கிளாரா புதுக் கவுன் போட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"கண்ணு, அத்தை தப்புப் பண்ணிட்டேன் சாமி. பாரு, கீழ ஒண்ணுமே இல்ல. தைரியமாக் கால வெச்சு வா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் கழுவித் துடைத்து வைத்திருந்த வெறும் தரையைப் பார்த்தாள். அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டிக் குதித்துப் போனாள்.