மணிக்கு எவ்வளவு

...அதுவும் அடுத்த ஷிப்ட்டுக்காரி நேரத்துக்கு வந்தால்தான் மணிக்கு எண்பத்தாறு ரூபாய், அவள் வரத் தாமதமானால் அனுசுயாவின் ஒரு மணி நேரம் எழுபதுக்கு இறங்கிவிடுகிறது, இன்னும் தாமதமானால் அறுபது, கத்தரிக்காய் மாதிரி வெயில் ஏற ஏற வாடுகிறது... நான் உட்கார்ந்திருப்பது ஸ்ரீரங்கத்தில் ஓர் அரசாங்க சுகாதார நிலையத்தின் பெஞ்சு, மடியில் சாப்பாட்டுப் பை, உள்ளே ஊசி போடும் அறையில் என் மகள் அனுசுயா, ஒப்பந்த நர்ஸ், மாதம் பதினெட்டாயிரம், மொத்தமாக, அதற்குள் மணி எங்கே இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை, நான்தான் காலையில் பல் தேய்த்துக்கொண்டே மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். வகுத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொண்டிருக்கிறது, அங்கே எதையும் மணிக்கணக்கில்தான் பேசுகிறார்களாம், மணிக்குப் பதினைந்து பவுண்டு சொச்சம், நம் பணத்தில் ஆயிரத்து எழுநூறுக்குக் குறையாது, வருகிறேன் அல்லது வரவில்லை என்று இன்று சாயங்காலத்துக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, அதுபடி செய்றேன்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு வந்துவிட்டாள். ஒரு வார்த்தையாம். ஆயிரம் கேட்டிருந்தால் அளந்து விட்டிருப்பேன், எனக்கு அதற்குப் பஞ்சமில்லை, இந்த ஒன்றுதான் வாயில் நிற்கமாட்டேன் என்கிறது... அவள் அம்மா இருந்தால் நீயே சொல்லு என்று தள்ளிவிட்டு நான் பால் வாங்கப் போயிருப்பேன். அவளும் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒருத்தி கிளம்பினால் மிச்சம் எவ்வளவு, இதற்கு வகுத்தல்கூட வேண்டாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், பெயர் செல்லக்கிளி, பிரஷர் மாத்திரைக்கு வந்தவள், என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள், "சாப்பாடு யாருக்குங்க?" என்றாள். நர்ஸம்மாவுக்கு, நான் அவங்க வீட்டுச் சமையல்காரன் என்றேன். "சம்பளம் எவ்ளோ தர்றாங்க?" மணிக்கு ஆயிரத்து எழுநூறு. அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், "ஒரு சாம்பார் சாதத்துக்கா, எனக்கும் அங்கயே ஒரு இடம் பாத்துச் சொல்லுங்கய்யா." வாயைத் திறந்தாயிற்று, இனி மூட முடியுமா, கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் நான் கிரேன் ஓட்டினவன், மணிக்கூலி எனக்குப் புதிதில்லை, ஒருநாள் நாற்பது டன் கொதிகலன் அந்தரத்தில் தொங்கும்போது சங்கு ஊதிவிட்டது, ஓவர்டைம் தரமாட்டேன் என்றார் சூப்பர்வைசர், அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன், காலையில் போய்ப் பார்த்தால் அதன்மேல் காக்கை கூடு கட்டி முட்டையிட்டிருக்கிறது, குஞ்சு பறக்கும்வரை இறக்கக்கூடாது என்று யூனியன் சொல்லிவிட்டது, கடைசியில் ராத்திரிக் காவல் பார்த்ததற்காக அந்தக் காக்கைக்கு இரட்டைச் சம்பளம் போட்டார்கள் என்று சொன்னேன். செல்லக்கிளி சிரிக்கவில்லை. "அது இப்ப ரிட்டயர் ஆயிருக்குமே" என்றாள். ஆயிடுச்சு, என்னைவிட அதுக்குப் பென்ஷன் ஜாஸ்தி என்றேன், அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள், கேட்க ஆள் இல்லாமல் போனதும் மறுபடியும் அந்த ஆயிரத்து எழுநூறு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது... அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே என்னதான் செய்யப்போகிறாள்? இதே ஊசி அறையில் வேலை பார்த்த ஜென்சி போன வருஷம் போனாளே, அவள்தான் போனில் சொன்னாள், வார்டு முழுக்க வயசானவங்கதான் அங்கிள், குளிப்பாட்டணும், ஊட்டணும், காலைப் பாக்கணும் என்று. அப்படியானால் எங்கேயோ ஒரு கிழவன் இப்போதே கட்டிலில் தயாராகப் படுத்திருக்கிறான், சிவந்த மூக்கு, கம்பளிச் சட்டை, பல்லில்லாத வாய், நான் இலவசமாக அனுபவிக்கிற அனுசுயாவை அவனுக்காக மணிக்கு ஆயிரத்து எழுநூறு கொடுத்து வாங்குகிறார்கள், அவன் என்ன பேசுவான், அவனும் அளப்பானோ, இங்கிலீஷில் அளந்தால் நம்புகிற மாதிரி இருக்குமோ, அவள் அதற்குச் சிரிப்பாளோ? சிரித்தால் அதுவும் அந்தப் பவுண்டுக்குள் அடக்கமா, தனியா? எழுபத்து மூன்று வயதில், முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரன்மேல் எனக்குப் பொறாமை, வெளியில் சொன்னால் காக்கைக் கதையைவிட மோசம்.

மத்தியானக் கூட்டம் குறைந்ததும் அனுசுயா எட்டிப் பார்த்துக் கையை அசைத்தாள், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில் ஒரே ஒரு நாற்காலி, என்னை அதில் உட்காரவைத்துவிட்டு அவள் நின்றபடியே கேரியரைத் திறந்து சாப்பிட்டாள், இரண்டு வாய்கூட உள்ளே போயிருக்காது, குனிந்து இடது கைக் கட்டைவிரலால் என் கணுக்காலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அங்கேயே நின்றது. "உப்பு ஆகாதுன்னு சொன்னேன்ல, ஊறுகா சாப்டீங்களா?" இல்லம்மா, மோந்து பாத்தேன். "மோந்து பாத்ததுக்கா கால் இப்படி வீங்கியிருக்கு?" அதற்குள் வெளியே சிஸ்டர், சிஸ்டர் என்று ஒரு குரல், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு யாரோ, கையை உதறிக்கொண்டு ஓடினாள், சாம்பார் சாதத்தில் ஆடை படிகிறவரை நான் அதைக் காவல் காத்தேன், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள், சாப்பாட்டையும் என்னையும். "ஜென்சி சொன்னாப்பா, அங்க இந்த மாதிரி இல்லையாம், சாப்பாட்டு பிரேக்னா பிரேக்தானாம், அரை மணி, அதுக்கு மட்டும் காசு கெடையாது, சம்பளத்துல கழிச்சிடுவாங்க, ஆனா அந்த நேரம் நம்மளது. டெய்லி அப்ப உங்களுக்கு வீடியோ கால் போடுறேன், காலைக் காட்டணும் நீங்க." நான் தலையை ஆட்டினேன். என்ன சொல்ல வேண்டும் என்று இத்தனை நேரம் தேடினேனோ அது அப்போதும் கிடைக்கவில்லை, வேறொன்றுதான் ஓடியது, இந்தக் கட்டைவிரல் அழுத்தம், இந்த ஊறுகாய் விசாரணை, இதெல்லாம் பதினெட்டாயிரத்துக்குள் எங்கேயோ கலந்து கிடந்திருக்கிறது, என் காலுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம் என்று அரசாங்கத்துக்கே தெரியாது, அங்கே அப்படிக் கலக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது... "சொல்லுங்கப்பா, வரேன்னு போட்டுடவா?" வேண்டாம் என்று சொன்னால் கேட்டுவிடுவாள், அதுதான் கஷ்டமே, எதிர்த்துப் பேசுகிற மகளாக இருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன். "போடு" என்றேன், கீரைக்காரியிடம் ஒரு கட்டுப் போடு என்கிற மாதிரி வந்தது குரல். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், கட்டைவிரல் ஓடியது, முடிந்துவிட்டது, அவ்வளவுதானா, ஒரு சத்தம்கூட வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "அழுவுறீங்களா?" சாம்பார்ல காரம். "நீங்க சாப்பிடவே இல்லையேப்பா."

மறுபடியும் சிஸ்டர் என்றார்கள், போய்விட்டாள், கேரியரில் பாதிச் சோறு அப்படியே இருந்தது, மூடியை அழுத்தி மூடிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன், வெயில் வாசல்படிவரை வந்திருந்தது. அரை மணி. அவள் சாப்பிடுகிற நேரம் இங்கே சாயங்காலமாக இருக்கும், சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பேண்டை மடித்துக் காலைக்கூடத் தயாராக வைத்திருப்பேன், ஆனால் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு இவளுக்குப் பேச வராது, சின்ன வயசிலிருந்தே வராது, அப்படியானால் போன் அடித்தால் அவள் சாப்பிடவில்லை, அடிக்காவிட்டால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்... நான் தினமும் உட்கார்ந்து எதற்குக் காத்திருக்க வேண்டும், அடிப்பதற்கா, அடிக்காமல் இருப்பதற்கா?